எரிந்த விளக்கும் சுற்றாத ஃபேனும்

அங்கமுத்து குலாம் ரசூலுக்குத் தர வேண்டியிருந்த கடன் நாலாயிரத்து ஐநூறு ரூபாய். அவன் பிக்கப் வண்டியில் கரண்டு ஃபேன் மாட்டி வயரிங் செய்த கூலியும், ஃபேன், வயர், சுவிட்சு விலையும் சேர்த்துப் பேசிய தொகை அது. அதில் ஒரு ரூபாய் குறையாமல், மாதம் ஐநூறாக ஒன்பது மாதத்தில் அவன் மனைவி கெங்கம்மா கொண்டுவந்து எண்ணி வைத்துவிட்டாள். ஒன்பது தடவையும் குலாம் ரசூல் கை நீட்டி வாங்கிக்கொண்டார். வாய் திறந்து சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை ஒன்பது தடவையும் சொல்லவில்லை.

குலாம் ரசூல் என்றால் மந்தைவெளி பஸ் டிப்போவைச் சுற்றி வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் நேற்றுத்தான் பட்டணத்துக்கு வந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் காதைத் திருகினார் என்று பள்ளிக்கூடப் படி இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. பதினோரு வயதில் ஜாம்பஜாரில் ஒரு பாட்டரிக் கடையில் ஆசிட் கேன் தூக்கினார். அன்றைக்கு அவருக்கு இருந்தது ஒரே ஒரு சட்டை. அதிலும் ஆசிட் தெறித்துச் சல்லடை மாதிரி ஓட்டை. இன்றைக்கு மீர்சாகிப்பேட்டையில் மாடி வைத்த சொந்த வீடு, டிப்போவுக்குப் பின்சந்தில் சொந்த ஷெட், மூன்று பெண்களுக்கும் கடன் வாங்காமல் கல்யாணம். ஒருத்தர் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தரையில் தானே கை ஊன்றி எழுந்தவர். இதை நாளைக்கு ஒரு தடவையாவது அவர் சொல்லியாக வேண்டும். கேட்க ஆள் கிடைக்காத நாளில் பக்கத்து ஷெட்டில் இன்ஜின் வேலை பார்க்கும் துரைராஜிடம் சொல்வார்.

"தெரியும் பாய். சட்டைல ஓட்டை. போன வாரம் ஏழு ஓட்டைன்னே, இந்த வாரம் எத்தினி?" என்பார் துரைராஜ், ஸ்பானரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கிண்டல் பண்ணு, கிண்டல் பண்ணு. மெட்ராஸ்ல எவன் வண்டி லைட் எரியலன்னாலும் எங்கிட்டதான் வரணும்."

அது பொய் இல்லை. படித்த பிள்ளைகள் மீட்டரை வைத்துக்கொண்டு அரை நாள் தேடும் கோளாறை அவர் அரை டீ குடிப்பதற்குள் பிடித்துவிடுவார். அவரிடம் மீட்டர் கிடையாது. மீட்டரில் எழுத்தும் எண்ணும் ஓடும். அதோடு அவருக்கு ஒத்துவராது. அவரிடம் இருந்தது ஒரு டெஸ்ட் பல்பு. சின்ன ஹோல்டர், விரல் நுனி அளவு பல்பு, இரண்டு வயர். எங்கே சந்தேகமோ அங்கே வைப்பார். எரிந்தால் கரண்டு வருகிறது, எரியாவிட்டால் வரவில்லை. "பல்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பது அவர் வாக்கு. நாற்பத்தைந்து வருஷம் அந்தப் பல்பு அவரை ஏமாற்றவில்லை.

அங்கமுத்து ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரன். பிறந்ததிலிருந்து கடல்தான். நாலு வருஷத்துக்கு முன் வலை இழுக்கும்போது கயிறு சுண்டியதில் வலது தோள் இறங்கிவிட்டது. எத்தனையோ கட்டுக் கட்டியும் அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. ஒற்றைக் கையோடு கடலுக்குப் போகிறவனை எந்தப் போட்டில் ஏற்றுவார்கள்? கெங்கம்மா யோசித்தாள். கழுத்தில் கிடந்ததை விற்றாள், சீட்டை எடுத்தாள், பழைய பிக்கப் ஒன்றை வாங்கிப் புருஷன் கையில் சாவியைக் கொடுத்தாள். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, தியாகராய நகரில் இரண்டு மெஸ்ஸுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தால் அவள் உட்கார்ந்து விற்பாள். கியர் போட இடது கை போதும், ஸ்டியரிங் பிடிக்கத் தோள் உயர வேண்டியதில்லை. அந்த வண்டிதான் அவன் கரையேறிய வழி.

வண்டிக்கு ஒரே ஒரு வியாதி. ஜாமில் நின்றால் கொதிக்கும். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபேன் தேய்ந்துபோயிருந்தது. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. பொங்கல் கழிந்த வாரம் புருஷனும் பெண்டாட்டியுமாக ஷெட்டுக்கு வந்தார்கள்.

குலாம் ரசூல் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். "இந்த ஃபேனைத் தூக்கிக் கடாசு. புதுப்பேட்டைல கார்ல கழட்டின கரண்டு ஃபேன் கிடைக்கும், நான் வாங்கிக்கினு வரேன். உன் சீட்டுக்கு எதிர்ல ஒரு சுவிட்சு, பக்கத்துல சேப்பு லைட்டு. ஜாம்ல மாட்டினா சுவிட்சப் போடு. லைட்டு எரிஞ்சா ஃபேன் சுத்துதுன்னு அர்த்தம். அத்த மட்டும் பாத்துக்கினு ஓட்டு. வேற எத்தையும் நீ பாக்க வாணாம்."

"சூடு காட்டுற முள்ளு ஒர்க் ஆவல பாய். அதையும் கொஞ்சம்…"

"முள்ளு எதுக்குப்பா? மீன்ல இல்லாத முள்ளா?"

கெங்கம்மா சிரித்துவிட்டாள். பணம் அடுத்த சீட்டு எடுத்ததும் என்று பேச்சு. குலாம் ரசூல் சரி என்றார். கெங்கம்மா வாக்கு மாற மாட்டாள் என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்தது. ஆளைப் பிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர்தான்.

இரண்டாம் நாள் வேலை முடிகிற நேரம். ஃபேனிலிருந்து வந்த கறுப்பு வயரை வண்டிக்கு அடியில், பின்பெட்டி தொடங்கும் இடத்தில் ஒரு போல்ட்டில் முறுக்கினார். போன கரண்டு பாட்டரிக்குத் திரும்பி வரவேண்டும் அல்லவா? வண்டியில் அதற்குத் தனி வயர் இழுக்க மாட்டார்கள்; இரும்பு உடம்பே திரும்பும் வழி. இதைத்தான் எர்த்து என்பார்கள். எல்லா வண்டிக்கும் அப்படித்தான்.

அங்கமுத்து குனிந்து பார்த்தான். "பாய், இந்த எடத்துல ஐஸ் தண்ணி சொட்டும். மீன் பொட்டில இருந்து வர்ற தண்ணி, ஒரே உப்பு. போட்டு இன்ஜின்ல நாங்க இரும்புமேல வயர உட மாட்டோம். உப்பு தின்னுடும். வயரையே பாட்டரி வரிக்கும் இஸ்துடேன், இன்னா ஆவும்?"

இன்னும் இரண்டு முழம் தடி வயர். நூற்றைம்பது ரூபாய் ஆகும், அரை மணி நேரம் ஆகும். ஆனால் அதற்காக அவர் மறுக்கவில்லை. வலை இழுத்தவன் வயர் இழுக்கச் சொல்லிக் கொடுக்கிறானே என்பதுதான் அவருக்குத் தைத்தது. டீ கொண்டுவந்த கடைக்காரனும் துரைராஜும் வேறு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போட்டு வேற, வண்டி வேற. நீ மீனப் புடி, நான் கரண்டப் புடிக்கிறேன்" என்றார். டெஸ்ட் பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "பாத்துக்க. பல்புக்குப் பொய் சொல்லத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். அங்கமுத்துவும் சிரித்தான். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற சிரிப்பு அது.

இரண்டரை மாதம் ஃபேன் மணியாகச் சுற்றியது. பங்குனி வெயில் காலையிலேயே மண்டையைப் பிளக்கத் தொடங்கிய ஒரு நாள், மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில் அங்கமுத்துவின் வண்டி முக்கால் மணி நேரம் நகராமல் நின்றது. சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டுத் திசையிலும் ஹாரன். அந்தச் சத்தத்தில் ஃபேன் சத்தம் யார் காதில் விழும்? விளக்கை மட்டும் பார், வேறு எதையும் பார்க்காதே என்று சொல்லப்பட்டவன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பானட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை சீறியபோதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இன்ஜின் ஒரு முனகல் முனகி நின்றது.

கயிறு கட்டி இழுத்து டிப்போ சந்து முனைக்குக் கொண்டுவந்தபோது மணி பத்து. பெட்டியில் பதினாறாயிரம் ரூபாய் மீன். வஞ்சிரம், சங்கரா, நண்டு. ஐஸ் கரைந்து வண்டிக்குக் கீழே ஒழுகிக்கொண்டிருந்தது. டீக்கடை வாசலில் ஆட்டோக்காரர்கள் கூடிவிட்டார்கள். துரைராஜ் ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இன்ஜின் மண்ட, ஹெட்டு பூட்ச்சு. இருபத்திரண்டாயிரம் இல்லாம கை வைக்க முடியாது."

"காலைல ஊத்தினேண்ணே" என்றான் அங்கமுத்து. "ரொப்பி ஊத்தினேன். எல்லாம் கொதிச்சு வெளிய பூட்ச்சு."

"ஃபேன் போட்டியா?"

"போட்டேன். லைட்டு எரிஞ்சிச்சு. நிக்கிற வரிக்கும் எரிஞ்சிச்சு."

எல்லார் கண்ணும் குலாம் ரசூல் பக்கம் திரும்பியது. நாற்பத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு பார்வை அவர்மேல் விழுந்ததில்லை. அவர் அவசரப்படாமல் நடந்துபோய், ஃபேனுக்குப் போகும் வயர் முனையைக் கழட்டி, அந்த இடத்தில் டெஸ்ட் பல்பை வைத்தார். "சுவிட்சப் போடு." பல்பு எரிந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். ஃபேனையே ஒரு தடவை சுற்றவைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பல்பு சாட்சி சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

"கரண்டு வருது, எர்த்து கீது. லைட்டு எரிஞ்சா ஃபேன் சுத்தும், ஃபேன் சுத்தினா இன்ஜின் கொதிக்காது. கொதிச்சா ரேடியேட்டர்ல தண்ணி இல்லன்னு அர்த்தம். தண்ணி ஊத்தத் தெரியாதவன்லாம் ஸ்டியரிங் புடிக்க வந்துட்டான்! எங்கையால செஞ்ச வேல. அதுமேலயா பழி போடுற?"

ரோட்டைத் தாண்டிக் கேட்கிற குரல் அவருக்கு. அங்கமுத்து எழாத வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

பேச்சுக்குக் கால் முளைக்க எத்தனை நாழி ஆகும்? அடையாறு பாலத்தைத் தாண்டுவதற்குள் அது 'தண்ணி ஊத்தல' என்பதிலிருந்து 'கவனமா ஓட்டல' ஆயிற்று. குப்பத்தில் நுழையும்போது 'குடிச்சிருந்தான்' ஆயிற்று.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து குலாம் ரசூல் திரும்பியபோது துரைராஜ் சாப்பிடப் போயிருந்தார். இன்ஜின் பிரித்த வண்டி அவர் ஷெட்டில் தனியாக நின்றது. சும்மாதான் போனார். தன் வேலையை ஒரு தடவை தடவிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. ஃபேன் வயரைச் செருகினார். சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. ஃபேன் அசையவில்லை.

மறுபடி போட்டார். விளக்கு எரிந்தது. ஃபேன் ஒரு சின்ன முக்கல் முக்கிவிட்டு அப்படியே நின்றது.

வண்டிக்கு அடியில் படுத்துக் கையை நீட்டினார். கறுப்பு வயர் முறுக்கிய போல்ட்டைத் தொட்டதும் விரலில் பொடி ஒட்டியது. வெளியே கொண்டுவந்து பார்த்தார். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்பு. அங்கமுத்து சொன்ன அதே இடம், அவன் சொன்ன அதே உப்பு.

படிக்காதவர்தான், ஆனால் கரண்டு அவருக்குப் புரியாமல் போகாது. ஃபேன் யானை மாதிரி. அதற்குக் கரண்டு ஆறாகத் திரும்பிப் போக வழி வேண்டும். டெஸ்ட் பல்பு எறும்பு. உப்புத் தின்ற போல்ட்டில் மிச்சம் இருந்த நூல் வழி அதற்குப் போதும். சிவப்பு விளக்குக்கோ எர்த்து வேறு, டேஷ்போர்டுக்குப் பின்னால் காய்ந்த இடத்தில். அது சுவிட்சு போட்டதை மட்டும் சொல்லும்; ஃபேன் சுற்றியதைச் சொல்லாது. இரண்டையும் ஒன்றென்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பல்பு பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விதான் தப்பு.

அன்று அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது. உப்புத்தாளை எடுத்தார். போல்ட்டைப் பளபளவென்று தேய்த்தார். வயர் நுனியை வெட்டிப் புதிதாக முறுக்கி, மேலே தாராளமாகக் கிரீஸ் அப்பினார். சுவிட்சைப் போட்டார். ஃபேன் கிர்ரென்று சுற்றி அவர் முகத்தில் காற்றடித்தது.

துரைராஜ் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா பாய், சுத்துதா?"

"சுத்தாம? யார் கை?" என்றார் குலாம் ரசூல்.

அவ்வளவுதான். மூன்று வார்த்தை. அதைச் சொன்னதோடு உண்மையைச் சொல்லும் வாசல் சாத்திக்கொண்டது. மறுநாள் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் சொல்ல வேண்டியது ஒரு பங்கு கூடிக்கொண்டே போயிற்று.

இன்ஜின் சரி செய்தவுடன் வண்டியை விற்றார்கள். மீன் எடுத்த கடன், துரைராஜின் கூலி எல்லாம் போகக் கையில் நின்றது அற்பம். குடித்துவிட்டு வண்டியை எரித்தவன் என்ற பேர் வந்த பிறகு வேறு யாரும் அங்கமுத்துவை நம்பிச் சாவி கொடுக்கவில்லை. அவன் மறுபடி கடலுக்குப் போனான், அடுத்தவன் போட்டில், பாதிப் பங்குக்கு.

கெங்கம்மா மட்டும் மாதம் தவறாமல் வந்தாள். கூடையைச் சந்து முனையில் இறக்கி வைத்துவிட்டு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஐம்பதும் நூறுமாக எடுத்து, எண்ணி, ஷெட் மேசைமேல் வைப்பாள்.

"பாத்துக்க. ஐநூறு."

"மெதுவா குடும்மா, இன்னா அவசரம்" என்பார் அவர். வாணாம் என்று சொல்ல நாக்கு எழும். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்பாள். ஏழாவது தடவை கேட்டே விட்டார்: "அங்கமுத்து எப்டிம்மா கீறான்?"

"கீது. கை வீங்கிக்கினு கீது. எண்ணெய் தடவி உடுறேன்."

ஒன்பதாவது தடவை பணத்தை வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கப் போனவள் திரும்பினாள். "கணக்கு முடிஞ்சுது நைனா. எம் புருஷன் தண்ணி ஊத்தினான். நான்தான் குடத்துல மொண்டு குடுத்தேன். எங்கண்ணால பாத்தேன். நீ நம்ப வாணாம். இனிமே உன் வாயில அது பேரு மட்டும் வரக் கூடாது." பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அந்தப் பணத்தை அவர் செலவும் செய்தார். வீட்டுக்கு அரிசி வாங்கினார். சும்மா சொல்வானேன்.

வண்டி கொதித்து ஒரு வருஷம் கழிந்தது. அடுத்த கோடை தொடங்கியதும் அதே வண்டி ஷெட் வாசலில் வந்து நின்றது. நங்கநல்லூரில் தண்ணீர்க் கேன் போடும் செந்தில்குமார் இறங்கினான். வாங்கியவன் கையிலிருந்து அவன் வாங்கியிருந்தான்.

"பாய், இது நீங்க பண்ண வயரிங்காமே. ஒரு தமாஷ் பாருங்க. சுவிட்சு போட்டா லைட்டு எரியுது, ஃபேன் சுத்தல. ஆஞ்சநேயர் கோயில் தெருவுல நிறுத்தி வேற எதுக்கோ பானட்டைத் தூக்கினேன், அப்பதான் பாத்தேன். தப்பிச்சேன். இல்லன்னா லைட்டை நம்பி இன்ஜினையே எரிச்சிருப்பேன்!"

துரைராஜின் கையிலிருந்த ஸ்பானர் நின்றது. முன்பு தின்ற உப்பு இரும்புக்குள் இருந்துகொண்டே வேலை செய்திருக்கிறது. கிரீஸால் என்ன ஆகும்?

"பாய்" என்றார் துரைராஜ் மெதுவாக. "அன்னிக்கு அங்கமுத்து இதையேதானே சொன்னான்? லைட்டு எரிஞ்சிச்சுன்னு?"

குலாம் ரசூல் வண்டிக்கு அடியில் படுத்தார். இரண்டு முழம் தடி வயரை வெட்டி, கறுப்பு வயரோடு சேர்த்து, நேராகப் பாட்டரிவரை இழுத்துக் கட்டினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. செந்தில்குமாரிடம் கூலி வாங்கவில்லை.

அவன் போன பிறகு துரைராஜ் கேட்டார்: "உனக்கு எப்பத்திலருந்து தெரியும்?"

"நாலாம் நாள்லருந்து."

துரைராஜ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு தன் ஷெட்டுக்குத் திரும்பினார். அன்று முழுவதும் சட்டை ஓட்டையைப் பற்றிக்கூட எதுவும் கேட்கவில்லை.

அந்த வருஷம் அவரும் மனைவி அஸ்மத்துன்னிசாவும் உம்ராவுக்கு மக்கா போவதாக இருந்தது. போவதற்கு முன் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி, ஏதாவது குற்றம் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டின்போது அஸ்மத்துன்னிசா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போயாச்சு. மேல் வீட்டுக்காரங்ககிட்ட சொல்லியாச்சு. உங்க பக்கம் யாருங்க பாக்கி?"

"எனக்கு யாரு? குலாம் ரசூல் எவன் காசையும் எடுத்துத் தின்னவன் இல்ல" என்றார். சொல்லி முடித்ததும் வாயிலிருந்த கவளம் கல்லாகிவிட்டது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது போதும். எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அல்லாவுக்குச் செஞ்ச குத்தத்த அல்லா மன்னிப்பான். மனுஷனுக்குச் செஞ்சத அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். அங்க போயி நின்னு அழுதா இது தீராதுங்க." எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தாள். "எவ்ளோ ஆவும்?"

அவர் மனக்கணக்கில் புலி. ஹெட்டு இருபத்திரண்டு, மீன் பதினாறு, கூலி நாலரை. "நாப்பத்திரண்டாயிரத்து ஐநூறு."

"இந்த வருஷம் உம்ரா வாணாம்" என்று சொல்லி எடுத்து வைத்தாள்.

குப்பத்துக்கு அவர் போனது காலை பத்து மணி சுமாருக்கு. போட்டுகள் கரையேறி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் விற்கிற நேரம். பெசன்ட் நகரிலிருந்து பை தூக்கி வந்தவர்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மா பலகைக்குப் பின்னால் இருந்தாள். அங்கமுத்து சற்றுத் தள்ளி, கவிழ்த்த போட்டின் நிழலில் உட்கார்ந்து இடது கையால் வலைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"இன்னா பாய், வழி தப்பிட்டியா? வஞ்சிரம் வேணுமா?" என்றாள் கெங்கம்மா. குரலில் கத்தி இருந்தது.

அவர் பணக் கட்டை வெளியே எடுத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அங்கமுத்துமேல தப்பு இல்லம்மா. எர்த்து பூட்ச்சு. உப்பு தின்னுடுச்சு. அவன் சொன்ன எடத்துலயே. எனக்கு நாலாம் நாளே தெரியும். நான் சொல்லல."

கெங்கம்மாவின் கையில் இருந்த மீன் நழுவிப் பலகையில் விழுந்தது. அவள் பணத்தைப் பார்க்கவே இல்லை.

"நாலாம் நாளே தெரியுமா? தெரிஞ்சா ஒம்போது வாட்டி எங்கைல வாங்கினே?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு டீக்கடைல எந்தச் சத்தத்துல சொன்னே? இப்ப இன்னா காதோட காதா ஓதுற? அதே சத்தத்துல இங்க சொல்லு. காசு அப்புறம்."

பக்கத்துப் பலகைக்காரிகள் திரும்பினார்கள். குலாம் ரசூல் சுற்றிலும் பார்த்தார். அறுபத்தாறு வயதில் அவர் சம்பாதித்த எல்லாவற்றிலும் பெரிது அவர் பேர். அதை இந்த மணலில் இறக்கி வைத்தால்தான் அடுத்த வார்த்தை வரும்.

"கேட்டுக்கங்க எல்லாரும்!" ரோட்டைத் தாண்டிக் கேட்கிற அதே குரல்தான், நடுவில் உடைந்தாலும். "நான் குலாம் ரசூல், மந்தைவெளி கரண்டு பாய். அங்கமுத்து தண்ணி ஊத்தினான். அவன் குடிக்கல. வண்டி கொதிச்சது என் வேலையால. உப்பு தின்னுடும்னு அவன் சொன்னான், நான்தான் கேக்கல. தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தேன்."

பேரம் நின்றது. ஒரு கிழவி "அய்யே" என்றாள், யாரை என்று தெரியவில்லை.

அங்கமுத்து எழுந்து வந்தான். கோபமாகத் திட்டுவான் என்று குலாம் ரசூல் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நானே நம்பிட்டேன் பாய்" என்றான். "நெஜமாவே மூடிய சரியா மூடலியோன்னு. தெனம் போட்டுல போவும்போது அத்தயே நெனச்சிக்கினு போவேன். இவகிட்ட கூட சொல்லல."

குலாம் ரசூல் கொண்டுவந்த நாற்பத்திரண்டாயிரத்து ஐநூறில் இந்தக் கணக்கு வரவில்லை. "மன்னிச்சிடுப்பா" என்றார்.

அங்கமுத்து "வண்டி நல்லா ஓடுதா?" என்று கேட்டான்.

"ஓடுது. வயர பாட்டரி வரிக்கும் இஸ்துட்டேன்."

"அதான் சரி" என்று தலையாட்டினான்.

அவர் பணக் கட்டை நீட்டினார். கெங்கம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே குறுக்கிட்டாள். "கட்டாக் குடுக்காத. நான் ஒம்போது வாட்டியும் எண்ணிக் குடுத்தேன். நீயும் எண்ணு. எங்கைல இல்ல, அது கைல."

காசை இடது கையால் வாங்கக் கூடாது. அங்கமுத்து இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கி, உள்ளங்கையை விரித்தான். கயிறு அறுத்த தழும்பு குறுக்காக ஓடிய கை.

குலாம் ரசூல் எண்ணத் தொடங்கினார். ஹெட்டுக்கும் மீனுக்குமான எழுபத்தாறு ஐநூறு ரூபாய்த் தாளையும் ஒவ்வொன்றாக, எண்ணைச் சத்தமாகச் சொல்லி வைத்தார். நடுவில் கடல் காற்று தூக்கப் பார்த்தபோது கெங்கம்மா கட்டை விரலால் அழுத்திக்கொண்டாள். பிறகு தனியாக மடித்து வைத்திருந்த ஒன்பது தாளை எடுத்தார். அவற்றை எண் சொல்லாமல் வைத்தார். கெங்கம்மாதான் எண்ணினாள், ஒன்று, இரண்டு என்று, மாதாமாதம் மேசைமுன் நின்று எண்ணிய அதே குரலில். ஒன்பதாவது தாள் அந்த விரிந்த உள்ளங்கையில் விழுந்தது.